பதினைந்தாவது செல்

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் யாரும் அதை மேலிருந்து வாசிப்பதில்லை. கண் நேராகக் கடைசி வரிக்கு ஓடும். 'கேன்சர்' என்ற சொல் இருக்கிறதா இல்லையா, அது தெரிந்தால் போதும். இரைப்பையில் கிள்ளி எடுத்த சதைத் துணுக்குக்கு வந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'நியூரோஎண்டோகிரைன்' என்று இருந்துவிட்டால் குடும்பமே குழம்பிப்போகிறது. எரிச்சல் வயிற்றில், குழாய் விட்டுப் பார்த்தது வயிற்றில். இதில் 'நியூரோ' எங்கிருந்து வந்தது? மூளைக்குப் பரவிவிட்டதா? இனி நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

2018 மார்ச்சில் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக அறிவித்தபோது இதே குழப்பம் நாடெங்கும் இருந்தது. மூளையில் கட்டி என்று அதற்குள் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. 'நியூரோ' என்றால் எப்போதும் மூளை என்று அர்த்தமில்லை என அவரே தன் அறிவிப்பில் விளக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 29 அன்று, 53 வயதில், மும்பையில் அவர் காலமானார். ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கணையத்தில் கண்டறியப்பட்டதும் இந்த வகைதான். வழக்கமான கணையப் புற்று பெரும்பாலானவர்களை ஓரிரு ஆண்டுகளில் கொண்டுபோய்விடும். அவர் 8 ஆண்டுகள் இருந்தார். இருவர் ரிப்போர்ட்டிலும் ஒரே சொல். ஒருவருக்கு அது தந்தது இரண்டு ஆண்டு, மற்றவருக்கு எட்டு.

இரைப்பைக்கு வந்தால் இந்த வித்தியாசம் இன்னும் அகலமாகிறது. அதே சொல்லைத் தாங்கிய ஒரு கட்டியை எண்டோஸ்கோபியிலேயே நறுக்கி எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் போதும். இன்னொன்றுக்குப் பாதி இரைப்பையோ முழு இரைப்பையோ போக வேண்டியிருக்கும். மூன்றாவது ஒன்று, கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் போயிருக்கும். 'நியூரோஎண்டோகிரைன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட், 'வண்டி' என்று மட்டும் எழுதிய ஆர்.சி. புத்தகம் மாதிரி. சைக்கிளா லாரியா என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு ரிப்போர்ட். அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் வர வேண்டும்.

முதலில் அந்த 'நியூரோ'. சோற்றைப் பிசைந்து அனுப்பும் பை என்றுதான் இரைப்பையை நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் உள்சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள், சளி சுரக்கும் செல்கள் என்று வரிசையாக நிற்க, நடுநடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தனியாட்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். இவை சுரப்பதை இரைப்பைக்குள் கொட்டுவதில்லை. பக்கத்துச் செல்லுக்கோ ரத்தத்துக்கோ ரகசியமாகக் கொடுத்துவிடும். 1897இல் கார்கிவ் நகரில் நிகோலாய் குல்சிட்ஸ்கி, குடலின் உள்சுவரில் பொடிமணிகள் அடைத்த இத்தகைய செல்களை விவரித்தார். (ஜார் ஆட்சியின் கடைசிக் கல்வி அமைச்சரும் இவர்தான். நுண்ணோக்கியை விட்டு எழுந்து அமைச்சரவையில் போய் உட்கார்ந்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள்.) அந்த மணிகளுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிய இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1930களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் அவற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து 'எண்டிரமின்' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் வேறு ஒரு குழு ரத்தத்திலிருந்து பிரித்த செரோடோனினும் இதுவும் ஒன்றே என்று 1952இல் தெரிந்தது. மனச்சோர்வு பற்றிப் பேசும்போதெல்லாம் அடிபடும் அதே செரோடோனின்தான். உடலில் உள்ளதில் 90 சதவீதத்துக்கு மேல் குடல்பாதையில் இருக்கிறது, மூளையில் அல்ல.

நரம்பு முனைகளில் செய்தியை அடைத்து வைத்திருக்கும் நுண்ணிய பைகள் உண்டு. அந்தப் பைகளின் சவ்வில் சினாப்டோஃபைசின் என்றொரு புரதம் இருக்கும். அந்தப் புரதம் இந்த வயிற்றுச் செல்களிலும் இருக்கிறது. இதைப் பார்த்து, இவை நரம்பு வம்சம்தானோ என்ற சந்தேகம் வந்தது நியாயம்தான். லண்டனில் ஏ.ஜி.இ. பியர்ஸ் 1960களின் இறுதியில் அப்படித்தான் சொன்னார்: கருவில் நரம்பு மண்டலம் உருவாகும் இடத்திலிருந்து புறப்பட்டு வந்து குடலில் குடியேறியவை இவை என்றார். கேட்க அழகான கதை. பிரான்ஸில் நிக்கோல் லு துவாரான் அதைச் சோதித்துப் பார்த்தார். காடைக் கருவின் நரம்புப் பகுதியை எடுத்துக் கோழிக் கருவில் ஒட்டவைத்தார். காடைச் செல்லின் உட்கருவில் ஒரு கரிய திட்டு தெளிவாகத் தெரியும். கோழியுடையதில் அப்படி இருக்காது. எது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அதை வைத்தே பின்தொடரலாம். குடலின் நரம்புகளெல்லாம் காடையுடையவை. இந்தச் சுரப்புச் செல்களோ கோழியுடையவை. அதாவது குடல் சுவரிலேயே பிறந்து வளர்ந்தவை. நரம்பின் சாயல் உண்டு, நரம்பு வீட்டுப் பிள்ளை அல்ல. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பெயர் தவறாகப் போனது இது முதல் தடவை அல்ல. 1907இல் ம்யூனிக் நகரின் நோயியல் மருத்துவர் ஸீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர், சிறுகுடலில் 6 பேரிடம் கண்ட சின்னச் சின்னக் கட்டிகளுக்குக் 'கார்சினாய்டு' என்று பெயரிட்டார். புற்றைப் போல இருக்கும், ஆனால் புற்றல்ல என்பது அதன் பொருள். மெதுவாக வளர்கிறது, பரவுவதில்லை என்று அவர் நம்பினார். 22 ஆண்டுகள் கழித்து, 1929இல், இவற்றில் சில பரவவும் செய்கின்றன என்று அவரே எழுதித் திருத்தினார். தான் வைத்த பெயர், அதுவும் உலகமே எடுத்துக்கொண்ட பெயர், போதாது என்று ஒப்புக்கொள்ள ஒரு பெருந்தன்மை வேண்டும். 1933இல் யூதர் என்பதற்காக வேலை பறிபோய், இஸ்தான்புல்லுக்குப் போய்ப் பேராசிரியராக இருந்து, 1944இல் அங்கேயே இறந்தார். அவருடைய திருத்தம் போய்ச் சேராத இடங்களுக்கும் அவர் வைத்த பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. 'கார்சினாய்டுதான், ஒன்றும் பயமில்லை' என்ற ஆறுதல் இன்றும் காதில் விழுகிறது. அது சில வயிறுகளில் உண்மை. சில வயிறுகளில் ஆபத்தான பொய்.

எந்த வயிறு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமிலம் எப்படிச் சுரக்கிறது என்று பார்த்தால் இது புரியும். இரைப்பையின் கீழ்க்கோடியில் உள்ள செல்கள் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது மேல்பகுதியில் உள்ள ஈ.சி.எல். என்ற சுரப்புச் செல்லைத் தட்டி எழுப்பும். அந்தச் செல் ஹிஸ்டமினை விடும். ஹிஸ்டமின் பக்கத்து அமிலச் செல்லை இயக்கும். அமிலம் போதுமான அளவு சேர்ந்ததும் கேஸ்ட்ரின் அடங்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டியும் கீழே தானாக ஓடி நிற்கும் மோட்டாரும் இருக்கும் வீட்டில் நடப்பதுதான். தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும்.

சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே அமிலச் செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. பெண்களிடம் இது அதிகம். தொட்டியே உடைந்துவிட்டது, மோட்டாருக்கு அது தெரியாது. இரவு பகலாக ஓடுகிறது. கேஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போக, அதன் தட்டலைக் கேட்டுக் கேட்டு ஈ.சி.எல். செல்கள் பெருகி, ஒன்றுக்குப் பலவாய்ச் சின்னச் சின்ன மொட்டுகளாகின்றன. இரைப்பை நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் 70 முதல் 80 சதவீதம் இந்த முதல் வகைதான். அழிந்த அமிலச் செல்கள்தாம் வைட்டமின் பி12ஐ உடல் ஏற்க உதவும் புரதத்தையும் செய்பவை. ஆகவே இவர்களில் பலருக்கு ரத்தசோகை, கை கால் மரத்துப்போதல், ஓயாத அசதி இருக்கும். பி12 ஊசி போட்டுக்கொண்டு, 'வயசாச்சு' என்று தேற்றிக்கொண்டு நடமாடுவார்கள். 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இந்த மொட்டுகள் பரவுவது மிக அரிது. இதற்காக இரைப்பையை எடுப்பது, மோட்டார் சத்தம் பொறுக்காமல் வீட்டை இடிப்பதற்குச் சமம்.

இரண்டாவது வகை அபூர்வம்: வேறெங்கோ ஒரு கட்டி கேஸ்ட்ரினைக் கொட்டிக்கொண்டிருக்கும், பரம்பரைக் கோளாறும் சேர்ந்திருக்கும். மூன்றாவது வகைக்குத்தான் பயப்பட வேண்டும். கேஸ்ட்ரின் சரியாக இருக்கும், சுற்றியுள்ள இரைப்பைச் சுவர் ஆரோக்கியமாக இருக்கும், ஒரே ஒரு கட்டி மட்டும் நிற்கும். யாரும் தூண்டாமல் தானாக வளர்ந்தது அது. பெரிதாக இருந்தால் கல்லீரல்வரை போயிருக்கும் வாய்ப்பு கணிசம். இதற்கு அறுவை சிகிச்சை வேண்டும்.

ஸ்லைடில் இந்த மூன்று கட்டிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கட்டியைக் கிள்ளிப் பார்த்தால் மட்டும் எந்த வகை என்று சொல்லவே முடியாது. கட்டி இல்லாத இடத்திலிருந்தும், இரைப்பையின் மேலும் கீழும், இரண்டு மூன்று துணுக்குகள் எடுக்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக் கேஸ்ட்ரின் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோபி குழாய் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது கூடுதலாக இரண்டு கிள்ளல் என்பது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் தவறிப்போகும்போதுதான் பின்னால் மாதக்கணக்கில் அலைச்சல்.

கேஸ்ட்ரின் என்றதும் இன்னொன்று. மெடிக்கல் ஷாப்பில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டால் சீட்டில்லாமலே கிடைக்கும் ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தை அடைக்கின்றன. அமிலம் குறைந்தால் கேஸ்ட்ரின் ஏறும். அதே தொட்டி, அதே மோட்டார். ஸ்வீடனில் ஒமிப்ரசோல் உருவாகிக்கொண்டிருந்தபோது, ஆயுள் முழுக்க அதிக அளவு கொடுக்கப்பட்ட எலிகளின் இரைப்பையில் ஈ.சி.எல். கட்டிகள் தோன்றின. 1984இல் மனிதச் சோதனைகளையே நிறுத்திவைத்தார்கள். மருந்து நேரடியாகப் புற்றை உண்டாக்கவில்லை, ஏறிப்போன கேஸ்ட்ரின்தான் காரணம் என்று தெளிந்த பிறகு சோதனைகள் தொடர்ந்து, 1988இல் மருந்து சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கானோர் விழுங்கியிருக்கிறார்கள். எலிகளுக்கு நேர்ந்தது அந்த அளவில் மனிதர்களுக்கு நேரவில்லை. எனவே புண்ணுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு யாரும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

ஆனால் கல்யாண வீட்டு பிரியாணிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஆரம்பித்து, பத்து வருடமாகக் காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. அதை ஒரு மருந்தாகவே அவர்கள் கணக்கில் வைப்பதில்லை. பரிசோதனையில் அது காலை வாரிவிடும். கேஸ்ட்ரினும் ஏறியிருக்கும், இந்தக் கட்டிகளைப் பின்தொடர ரத்தத்தில் பார்க்கும் குரோமோகிரானின் அளவும் ஏறியிருக்கும். இல்லாத கட்டி இருப்பதுபோலக் காட்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தால் பாதி பீதி அங்கேயே தீர்ந்துவிடும். தானாக நிறுத்துவதும் கூடாது. கேஸ்ட்ரின் கொட்டும் கட்டி இருப்பவருக்கு அது ஆபத்து.

வகைக்கு அடுத்தது வேகம். இங்கே நோயியல் மருத்துவரின் மேஜைக்கு வர வேண்டும். எண்டோஸ்கோபியில் வந்த துணுக்கு அரிசிக் குருணை அளவு இருக்கும். அதை மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரைச் சில நூறாகப் பிரித்தால் வரும் தடிமனில் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுகிறார்கள். முதல் சாயத்தில் எல்லாம் ரோஸும் ஊதாவும். இந்தச் செல்களின் உட்கரு உப்பும் மிளகும் தூவியதுபோல இருக்கும். அதைப் பார்த்ததும் பழகிய கண்ணுக்குச் சந்தேகம் தட்டும். அடுத்து குரோமோகிரானினுக்கும் சினாப்டோஃபைசினுக்கும் தனிச் சாயம். இருந்தால் செல் காப்பிக்கொட்டை நிறமாகும். கடைசியாகக் கே.ஐ.-67. ஜெர்மனியின் கீல் நகரில் யோஹான்னஸ் கெர்டெஸும் சக ஆய்வாளர்களும் 1983இல் அறிவித்த எதிர்ப்புரதம் அது. கே.ஐ. என்றால் அந்த ஊர், 67 என்றால் அவர்களின் தட்டில் அது வளர்ந்த குழியின் எண். இரண்டாகப் பிரிவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கும் செல்லின் உட்கரு மட்டும் இதில் பழுப்பாகும்.

இனி எண்ண வேண்டியதுதான். பழுப்பு அதிகமாகத் தெரியும் இடத்தைத் தேர்ந்து, குறைந்தது 500 செல்களை எண்ண வேண்டும் என்பது விதி. படம் எடுத்து அச்சடித்து, பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே எண்ணுபவர்கள் உண்டு. 500இல் 14 செல் பழுப்பு என்றால் 2.8 சதவீதம், முதல் நிலை. 15 என்றால் 3 சதவீதம், இரண்டாம் நிலை. 20 சதவீதத்தைத் தாண்டினால் மூன்றாம் நிலை. அந்தப் பதினைந்தாவது செல் நிஜமாகவே கட்டியின் செல்லா, அல்லது இடையில் புகுந்து நிற்கும் வெள்ளணுவா? வெள்ளணுவும் பழுப்பாகும். மதியச் சாப்பாட்டுக்கு முன் எண்ணினால் ஒன்று, பின் எண்ணினால் ஒன்று என்று கேலியாகச் சொல்லலாம். ஆனால் 14க்கும் 15க்கும் நடுவே இயற்கை ஒன்றும் கோடு கிழிக்கவில்லை, மனிதர்கள் கிழித்தது அது. ஆகவே ரிப்போர்ட்டில் வெறும் 'நிலை 2' என்று இருப்பதைவிட, எத்தனை சதவீதம் என்ற எண் இருப்பதே மேல். 3 சதவீதமும் 19 சதவீதமும் ஒரே நிலைதான். ஒரே நோய் அல்ல.

இருபது சதவீதத்தைத் தாண்டியவற்றிலும் இரண்டு சாதி. செல்கள் இன்னும் ஒழுங்காக, அடையாளம் தெரியும்படி இருந்துகொண்டு, வேகமாகப் பெருகுவது ஒன்று. ஒழுங்கெல்லாம் குலைந்து, பி53, ஆர்.பி.1 என்ற காவல் மரபணுக்கள் பழுதாகிக் காட்டுத்தனமாக வளர்வது இன்னொன்று; நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்று பெயர். 2019இல் உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு, செரிமானப் பாதை முழுவதற்கும் இந்த இரண்டையும் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்துவிட்டது. முதல் குடும்பம் ஏறி ஏறி இரண்டாவது குடும்பமாவது அரிது. இரண்டாவதற்கு நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றுக்குக் கொடுக்கும் பிளாட்டினம் மருந்துகளையே கொடுக்கிறார்கள். 305 நோயாளிகளைத் தொகுத்து 2013இல் நார்டிக் நாடுகளின் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு விநோதம் தெரிந்தது. கே.ஐ.-67 55 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் 42 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. அதற்குக் கீழே இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆனால் அதிக நாள் உயிரோடு இருந்தது கீழே இருந்தவர்கள்தாம். வேகமாக வளர்வது மருந்துக்குச் சட்டென்று மடங்குகிறது, சட்டென்று திரும்பியும் வருகிறது. 'மருந்து நல்லா வேலை செய்யுது' என்ற செய்தியைக் குடும்பம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை இந்த எண்கள் சற்று மாற்றிவிடுகின்றன.

இரைப்பையில் இந்தக் கொடிய வகை எங்கிருந்து வருகிறது? வழக்கமான இரைப்பைப் புற்றிலிருந்தே பெரும்பாலும் முளைக்கிறது என்பது ஜப்பானிய நோயியல் மருத்துவர்களின் ஆய்வுகள் காட்டியது. மேலே சளிப்படலத்தில் பழைய பாணிச் சுரப்பிப் புற்று இருக்கும். ஆழத்தில் போனால் வேறு ஆளாக மாறியிருக்கும். இரண்டிலும் ஒரே பி53 பழுது. மேலோட்டமாகக் கிள்ளிய பயாப்ஸி மேலே இருப்பதை மட்டும் சொல்லும். அறுவை சிகிச்சையில் எடுத்த முழு இரைப்பையைச் சீவிப் பார்க்கும்போது கதை மாறும். 'முதலில் ஒன்று சொன்னார்கள், இப்போது வேறு சொல்கிறார்கள்' என்று சண்டைக்குப் போகும் உறவினர்களுக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

சண்டை மருத்துவர்களுக்கு இடையிலும் உண்டு. உலகில் 2022இல் ஏறத்தாழ 9,68,000 பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்று வந்தது. சுமார் 6,60,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவை சுரப்பிப் புற்று. பின்லாந்தின் பெக்கா லௌரேன் 1965இல் அவற்றைக் குடல்பாணி, பரவல்பாணி என்று இரண்டாகப் பிரித்தார். பரவல்பாணியில் செல்கள் கூட்டத்தை விட்டுக் கழன்று, தனித்தனியாகச் சுவருக்குள் ஊறிப்போகும். நார்வேயின் ட்ரொன்ட்ஹைமில் ஹெல்கே வால்டும் பல பத்தாண்டுகளாக ஒரே விஷயத்தை விடாமல் வாதிட்டு வருகிறார்: இந்தப் பரவல்பாணிப் புற்றில் கணிசமானவை ஈ.சி.எல். செல்லிலிருந்தே பிறக்கின்றன, வழக்கமான சாயத்துக்கு அது அகப்படுவதில்லை, கூர்மையான முறையில் சாயம் போட்டால் குரோமோகிரானின் தெரிகிறது என்கிறார். நோயியல் உலகின் பெரும்பான்மை இதை ஏற்கவில்லை. ஒரு செல் நரம்புச் சாயல் காட்டினால் அது அங்கேதான் பிறந்தது என்று ஆகிவிடாது. புற்றுச் செல் வேஷம் போடுவதில் கெட்டிக்காரி. பியர்ஸுக்குக் காடைகள் கற்றுக்கொடுத்ததும் அதுதானே. ஆனாலும் வால்டும் முழுக்கத் தவறு என்று ஒதுக்குவதும் சரியில்லை. கேஸ்ட்ரினைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவர் தட்டிக்கொண்டே இருக்கும் கதவு, தட்டப்பட வேண்டிய கதவுதான்.

நோயாளிக்கு இந்தச் சர்ச்சையால் ஆக வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமான சுரப்பிப் புற்றில் ஆங்காங்கே நரம்புச் சாயல் கொண்ட செல்கள் தென்படுவது சகஜம். 'நியூரோஎண்டோகிரைன் அம்சங்கள் காணப்படுகின்றன' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்தால் நோயின் பெயர் மாறிவிட்டது என்று பதற வேண்டாம். இரண்டு பகுதிகளும் தலா 30 சதவீதமாவது இருந்தால்தான் கலப்புக் கட்டி என்ற தனிப் பெயர். அதற்குக் குறைந்தால் அது சுரப்பிப் புற்றுதான், சிகிச்சையும் அதற்குரியதுதான். இந்த 30 என்ற கோடும் மனிதர்கள் கிழித்ததே என்பது வேறு விஷயம். 25 சதவீதம் கொடிய வகை இருக்கும் கட்டியை டாக்டர்கள் சும்மா விட்டுவிட மாட்டார்கள். அதனால்தான் அங்கும் எண் வேண்டும்: எவ்வளவு, எந்த வகை.

எல்லா இரைப்பைப் புற்றுக்கும் இந்தச் சாயங்களைப் போட வேண்டுமா? வேண்டாம். முதல் சாயத்தில் சந்தேகம் தட்டினால் மட்டும் போதும். தட்டியபின்னும் போடாமல் விடுவதுதான் குற்றம். ஒவ்வொரு சாயத்துக்கும் தனிக் காசு கேட்கும் லேப்கள் உண்டு. 'ஸ்பெஷல் டெஸ்ட், எக்ஸ்ட்ரா ஆகும்' என்றதும் 'அது இல்லாம முடியாதா சார்?' என்று கேட்கும் அப்பாவிடம் கோபப்பட முடியாது. ஆனால் அந்தச் செலவை அவர் தலையில் தனியாக வைப்பதை விட்டு, பயாப்ஸியின் ஒரு பகுதியாகவே அரசு காப்பீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டணத்திலும் சேர்க்க வேண்டும். தேவையில்லாத ஒரு இரைப்பை அறுவைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. அடுத்து, நோயியல் மருத்துவர் வெளியே வர வேண்டும். நோயாளியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வரியை எழுதுபவர் அவர். நோயாளி அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. பெரிய மையங்களில் அறுவை டாக்டர், புற்று டாக்டர், ஸ்கேன் டாக்டர், நோயியல் டாக்டர் எல்லாரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மாவட்டத் தலைநகரங்களில் ஒரு வீடியோ கால் போதும், அதைச் செய்ய.

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவுகளில் 1973இல் ஒரு லட்சம் பேருக்கு 1.09 ஆக இருந்த நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் 2012இல் 6.98 ஆயின. உறுப்புவாரியாகப் பார்த்தால் மிக அதிகமாக, 15 மடங்கு, ஏறியது இரைப்பையில். நோயே அவ்வளவு பெருகியது என்று சொல்வதற்கில்லை; எண்டோஸ்கோபி பெருகியது, பார்க்கும் கண் பெருகியது. நம் ஊரிலும் ஊருக்கு ஊர் எண்டோஸ்கோபி வந்துவிட்டது. எதற்கோ குழாய் விட்டால் எதேச்சையாக ஒரு சின்ன மொட்டு தட்டுப்படுவது இனி அதிகமாகத்தான் நடக்கும். அதைப் பார்க்கும் கண்ணுக்குத் தகுந்தபடி அதை எழுதும் கையும் மாற வேண்டும்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது டீச்சர் ஒருவர். மொட்டு 7 மில்லிமீட்டர். ரிப்போர்ட்டில் ஒரே சொல். உள்ளூர் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார். அங்கே முதல் கேள்வி: 'ஸ்லைடும் பிளாக்கும் கொண்டுவந்தீங்களா?' மகன் மறுபடி ஊருக்கு பஸ் ஏறி, லேபில் கையெழுத்துப் போட்டு, ஒரு காகித உறையில் அம்மாவின் வயிற்றை வாங்கி வருகிறான்: இரண்டு கண்ணாடித் துண்டு, தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் கூண்டில் ஒரு மெழுகு வில்லை. புதிதாகச் சீவுகிறார்கள், சாயம் போடுகிறார்கள், எண்ணுகிறார்கள். 500இல் 6. நல்ல செய்தி. ஆனால் எந்த வகை? சுற்றியுள்ள இரைப்பைச் சுவர் மெழுகில் இல்லை, ஏனென்றால் அன்று யாரும் அதைக் கிள்ளவில்லை. அவர் எத்தனை வருடமாகக் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார் என்று ரிப்போர்ட் கேட்டனுப்பிய படிவத்தில் யாரும் எழுதவுமில்லை. ஆகவே டீச்சர் மறுபடி லீவு போட்டு, ராத்திரியே சாப்பாட்டை நிறுத்தி, காலையில் எண்டோஸ்கோபி அறை வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார், இரண்டு குருணைச் சதைக்காக.